இருபது கிராம் எலி

சிவப்பு அலை என்று பெயர்.
சிவப்பும் இல்லை, அலையும் இல்லை.
எப்போதும்போலச் சாம்பல் பச்சையில்
விரிகுடாவில் கிடக்கிறது தண்ணீர்.
மட்டியை வேகவைத்தாலும் விஷம் போகாது.
ருசி மாறாது. அதுதான் சங்கடம்.

செவ்வாய்தோறும் காலை வற்றத்தில்
ஔதிலியோ மில்யலோன்கோ
இரண்டு கிலோ மட்டி பொறுக்கித் தருவார்.
ரசீதில் கையெழுத்து வாங்குவேன்.
"நல்லதாச் சொல்லச் சொல்லும்மா" என்பார்,
ஏதோ நான் சிபாரிசுக்குப் போகிறவள்போல.

ஐஸ் பெட்டி, படகு, பிறகு
சிலோயே மழையில் நாற்பது கிலோமீட்டர்.
வழியெல்லாம் கடலுக்குள் வட்ட வட்டமாகச்
சால்மன் கூண்டுகள்.
ஒவ்வொன்றின் அடியிலும்
மீன் தின்னாமல் விட்டதும் தின்று கழித்ததும்
வருடக்கணக்கில் படிந்த சேறு.
போன கோடையில் மூச்சுமுட்டிச் செத்தவற்றைக்
கப்பல் கப்பலாக ஏற்றிப்போய்
வெளிக்கடலில் கொட்டினார்கள்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது
அறுபது பக்க அறிக்கை.
சம்பந்தம் உண்டு என்று சொல்ல
என்னிடம் பக்கங்கள் இல்லை,
எலி இருக்கிறது.

இருபது கிராம். வெள்ளை.
காதுமடல் வழியே விளக்கு தெரியும்.
மட்டியை அரைத்து, அமிலத்தில் கொதிக்கவிட்டு,
வடித்ததில் ஒரு மில்லியை
அதன் வயிற்றில் ஏற்றிவிட்டுக்
கடிகாரத்தை அழுத்துவேன்.
எத்தனை நிமிடத்தில் சாகிறதோ
அதை வைத்துத்தான் கடலின் கணக்கு.

பதினைந்து நிமிடம் தாண்டி மூக்கைத் தேய்த்தால்
எழுபது குடும்பம் தண்ணீரில் இறங்கலாம்.
ஆறு நிமிடத்தில் காலை உதறினால்
கரையில் பலகை.

நான் வேண்டிக்கொள்ளாத செவ்வாய் இல்லை.
மாதாவிடம் அல்ல,
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அதனிடம்.
சாகாதே, சாகாதே.
உன் உயிர்மேல் கரிசனத்தால் என்று நினைத்துவிடாதே,
ஔதிலியோவின் மோட்டாருக்கு இன்னும்
பதினோரு தவணை பாக்கி.

மார்ச்சில் நான்கு வாரம் பலகை நின்றது.
ஏப்ரல் முழுக்க நின்றது.
அரசாங்கம் பெட்டி அனுப்பியது:
நூடுல்ஸ், எண்ணெய், பால்பவுடர்,
டப்பாவில் அடைத்த மட்டி.
வேறு யாருடைய கடலோ.
ரோசாமெல் சிகுவாய் பலகையைப் பிடுங்கி
அடுப்பில் வைத்தாள்.
"சரியா எரியல, பெயின்ட் நாத்தம்"
என்று என்னிடமே குறை சொன்னாள்.
புதுப்பலகைக்கு நான் குழி தோண்டும்போது
கல் பொறுக்கி வந்து போட்டு
மிதித்து இறுக்கியதும் அவள்தான்.

மே மாதத்து ஒரு செவ்வாய்.
வற்றம் நன்றாக இறங்கியிருந்தது.
ஔதிலியோ வெறுங்கையோடு
கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்திருந்தார்.
மட்டி எங்கே என்றேன்.
"சாப்பிட்டேன்" என்றார்.
"ஒரு தட்டு. பூண்டு போட்டு.
இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு.
எலி இருபது கிராம்தானே?
நான் தொண்ணூறு கிலோ.
இன்னும் உட்கார்ந்திருக்கேன், பார்.
எழுதிக்கோ."

என் அட்டவணையில்
தொண்ணூறு கிலோவுக்கு வரிசை கிடையாது.
மருத்துவமனைக்குப் படகு ஒரு மணி நேரம்.
ஏறுங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.
ஏறுங்கள் என்று கத்தினேன்.
கயிற்றை அவிழ்க்க அவரே கை கொடுத்தார்.
முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது, விரல் நடுங்கவில்லை.

வழிநெடுக மோட்டார் சத்தத்துக்கு மேல்
மட்டியின் இந்த வருட விலையைப் பற்றிப்
பேசிக்கொண்டே வந்தார்.
கூண்டுகளைத் தாண்டும்போது மட்டும் நிறுத்தினார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நிமிர்ந்தபோது அவர்
கீழுதட்டைக் கட்டைவிரலால் தொட்டார்.
பிறகு இன்னொரு தரம் தொட்டார்,
அது தன்னுடையதுதானா என்று
யாரிடமோ விசாரிப்பதுபோல.